பாகூர் ஏரியும் ஊர்ப் பொதுப்பொறுப்பும்

புதுச்சேரியின் நெற்களஞ்சியம் எனப்படும் பாகூர்ப் பகுதியில் ஒரு சிற்றூரின் வாழ்க்கை வசதி என்பது நெடுங்காலம் நீரையே குறித்தது. பயிர், குடிநீர், ஆடுமாடு, மீன், கரையோர மரங்கள் ஆகிய அனைத்தும் ஏரியைச் சார்ந்திருந்தமையால், ஏரியைப் பேணும் முறையே ஊரை ஆளும் முறையாகவும் அமைந்தது. இவ்வூரின் பழமைக்கு மூலநாதர் கோயிலின் சோழர்காலக் கல்வெட்டுகளும், அவற்றுக்கும் முந்திய பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் செப்பேடும் சான்றாகின்றன. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அச்செப்பேடு, வாகூரில் (இன்றைய பாகூரில்) இயங்கிய வித்தியாஸ்தானம் என்னும் உயர்கல்விச் சாலைக்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டதைப் பதிவு செய்கிறது. ஊர்களின் விளைச்சலைக் கொண்டே ஒரு கல்விச் சாலையை நடத்த முடிந்தது என்பது அந்த வேளாண்மையின் வலிமையைக் காட்டுகிறது.

பாகூர் ஏரிக்கு முதன்மையான வரத்து பங்காரு வாய்க்கால் ஆகும். தென்பெண்ணை ஆற்றில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பிரியும் இந்த வாய்க்காலை வெட்டியவர்களாகப் பங்காரி, சிங்காரி என்னும் தேவதாசிச் சகோதரியரை மக்கள் வழக்கு போற்றுகிறது. வில்லியனூர்ப் பக்கத்திலும் இதே அமைப்பு உண்டு. அப்பகுதியின் ஊசுடேரி, புதுச்சேரி ஏரிகளுள் மிகப் பெரியதாகவும் பாகூர் ஏரி அதற்கு அடுத்ததாகவும் விளங்குகின்றன. நீரை வயலுக்கு விடும் மதகு, மிகுநீரை வெளியேற்றும் கலிங்கு, மழைநீர் பெருகும்போது அழுத்தத்தைத் தாங்கும் கரை ஆகிய மூன்றில் எது பழுதுபட்டாலும் ஏரி பயன்படாது. அதனால் ஆண்டுதோறும் வண்டல் அகற்றுதல், கரையின் உடைப்பை அடைத்தல், வாய்க்காலின் புதரை வெட்டுதல் ஆகியவற்றைக் குடிகள் தம் உழைப்பால் செய்த குடிமராமத்து, மழைக்கு முந்தைய மாதங்களின் கட்டாயக் கடமையாக இருந்தது. உழைப்புக்கு வராத குடும்பத்துக்கு நீரில் உரிமை கேட்க வாய் எழாது என்பதே அதன் உயிர்நாடி.

பிரெஞ்சு ஆட்சி இப்பகுதியை 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பெற்று, 1880ஆம் ஆண்டு ஆணையால் நகராட்சி உரிமையுடைய கொம்யூன்களாக அமைத்தது. வில்லியனூரும் பாகூரும் அவ்வகையில் தனித்தனி ஆட்சிப்பகுதிகளாயின. ஏரிப் பேணலில் 'கேஸ் கொம்யூன்' எனப்பட்ட பொது நிதி குறிப்பிடத் தக்கது. பாசன நிலம் உடையோர் தம் நிலத்துக்கேற்பச் செலுத்திய தொகையால் நடந்த அந்நிதி, மராமத்தையும் நீர்ப்பங்கீட்டையும் உழவரின் கையிலேயே வைத்திருந்தது. ஆட்சி மாறியும் பழைய ஊர் வழக்கம் சிதையாமல் புதிய சட்ட வடிவம் பெற்றது, அந்நிய ஆட்சியின் வரலாற்றில் அரிதாகக் காணப்படும் நன்மை என்றே சொல்ல வேண்டும்.

பிரெஞ்சு ஆட்சி நீங்கிய 1954க்குப் பிறகு மராமத்துப் பணி அரசுத் துறைகளிடம் சென்றது. இதே பகுதியில் 19ஆம் நூற்றாண்டிலேயே, பூமிக்கு அடியில் அழுத்தத்தில் இருந்த நீர் தானே மேலெழுந்து பாயும் ஊற்றுக் கிணறுகள் தோண்டப்பட்டிருந்தன. ஆயினும் ஏரியோடு ஊருக்கிருந்த உறவைத் தளர்த்தியது, மின்மோட்டார் பொருத்திய ஆழ்துளைக் கிணறுதான். தன் வயலின் மூலையில் பொத்தானை அழுத்தி நீர் பெற்ற உழவனுக்கு மதகின் முறைக்காகக் காத்திருக்கும் தேவையும், கரைக்கு மண் சுமக்கும் கடமையும் ஒருசேர மறைந்தன. கிணறு இல்லாத சிறு உழவரோ ஏரியையும் இழந்து, அண்டை நிலத்தாரிடம் நீரை விலைக்கு வாங்கும் நிலைக்கு வந்தனர். நிலத்தடி நீர் தாழத் தாழ ஊற்றுக் கிணறுகள் பொங்குவதும் நின்றது. கடலை ஒட்டிய ஊர்களில் உவர்நீர் உட்புகும் அச்சமும் எழுந்தது.

இக்குறையை உணர்ந்து 1999இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியோடு தொடங்கிய ஏரிச் சீரமைப்புத் திட்டம், புதுச்சேரிப் பகுதியின் 84 ஏரிகளையும் எடுத்துக்கொண்டு, ஒவ்வோர் ஏரிக்கும் பயன்படுத்துவோர் சங்கத்தை ஏற்படுத்தியது. கரையும் மதகும் ஒப்பந்தக்காரரால் செப்பனிடப்படக் கூடியவை. ஆனால் முறை வைத்து நீர் பகிரும் வழக்கத்தை அச்சங்கங்களே நடத்தியாக வேண்டும், அதற்குரிய அதிகாரமும் நிலையான நிதியும் அவற்றுக்குச் சட்டப்படி உறுதிசெய்யப்பட வேண்டும்.