ஒழுங்கைக்குத் தார் ஊற்றுவது யார்?

சாவகச்சேரி நகருக்குள்ளால் போகும் கண்டி வீதிக்கும் அதிலிருந்து பிரிந்து உள்ளே இறங்கும் ஒழுங்கைக்கும் பொறுப்பானவர்கள் வேறு வேறு ஆட்கள். இது தெரியாமல் தவறான வாசலில் மனுக் கொடுத்து வருடங்களைத் தொலைத்தவர்கள் எங்கள் அயலில் நிறையப்பேர்.

ஏ, பி தர வீதிகள் மத்திய அரசின் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. சி, டி தர வீதிகளை மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களம் பார்க்கின்றது. மிச்சமுள்ள சிறு வீதிகளும் ஒழுங்கைகளும் நகரசபை அல்லது பிரதேசசபையின் தலையில். போருக்குப் பின்னர் ஏ9 வீதி சீன எக்ஸிம் வங்கிக் கடனில் காப்பெற் வீதியானது. அதன் ஓரத்து வடிகால் அடைத்து கடைகளுக்குள் வெள்ளம் வந்தால் சனம் தவிசாளரைத்தான் ஏசும். அவரால் அந்த வீதியைத் தன் எண்ணத்துக்கு வெட்டித் திருத்த முடியாது. குளக்கட்டில் நடைபாதை கேட்பவர்களுக்கும் இதே சிக்கல்தான். சிறு குளமென்றால் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் சம்மதம் வேண்டும், பெரிய குளமென்றால் நீர்ப்பாசனத் திணைக்களம்.

ஒழுங்கை சபைக்குரியதுதான் என்று வைத்துக்கொள்வோம். அது சபையின் வீதிப் பதிவேட்டில் இருக்கின்றதா என்பதே அடுத்த கேள்வி. பதிவில் இல்லாத பாதைக்குப் பொது நிதியைச் செலவிட்டால் கணக்காய்வில் மாட்டுப்படுவது உத்தியோகத்தர்தான். ஆகவே அவர் கையொப்பமிட மாட்டார். நான் அதைக் குறையாகச் சொல்லமாட்டேன்.

போர் இந்த இடத்தில்தான் இன்னும் எங்களைப் பிடித்து வைத்திருக்கின்றது. 2000 ஆம் ஆண்டுச் சண்டையில் தென்மராட்சி இடம்பெயர்ந்தது, சாவகச்சேரி நகரம் கல்லும் மண்ணுமானது. உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்த வலிகாமம் வடக்கின் சில பகுதிகளுக்குத் திரும்பிப் போனவர்களுக்குத் தங்கள் ஒழுங்கை எங்கே இருந்ததென்றே மட்டுக்கட்ட முடியவில்லை. வேலி இல்லை, எல்லைக்கல் இல்லை. பாதையைப் பதிவதற்கோ அகட்டுவதற்கோ இருபுறத்துக் காணிக்காரரின் எழுத்துமூலச் சம்மதம் தேவை. ஒருவர் கனடாவில், ஒருவர் சுவிஸில், இன்னொருவரின் உறுதியே தொலைந்துவிட்டது. வெளிநாட்டில் இருப்பவர் நம்பிக்கையான ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் கொடுத்துவைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஒரு காணிக்காரர் இழுத்தடிப்பதால் முழு ஒழுங்கையும் சேற்றில் கிடப்பதைப் பல இடங்களில் பார்க்கின்றேன்.

இனிக் காசு. சபையின் சொந்த வருமானம் சோலைவரி, கடை வாடகை, உரிமக் கட்டணம் போன்றவை. காணி கைமாறும்போது அறவிடும் முத்திரைத் தீர்வையும் நீதிமன்றத் தண்டப்பணமும் மாகாண சபை ஊடாக வந்துசேரும். நாங்கள் வருடாவருடம் கட்டும் வாகன வரி அனுமதிப்பத்திரக் கட்டணம் மாகாணத்துக்குப் போகின்றது, எரிபொருள் வரி கொழும்புக்கு. வீதியைத் தேய்க்கும் வாகனத்தின் காசு வீதியைத் திருத்தும் சபைக்கு நேரடியாக வருவதில்லை.

சோலைவரியோ பெரும்பாலும் பழைய மதிப்பீட்டில் கிடக்கும் சிறு தொகை. முழு வருடத்துக்குமானதை ஜனவரி 31க்கு முன் கட்டினால் 10 வீதம் கழிவும் உண்டு. பூட்டிக் கிடக்கும் வீடுகளின் நிலுவை தனிக்கதை.

ஆகவே தார், கொங்கிறீற் வேலை பெரும்பாலும் வெளிக்காசில்தான் நடக்கின்றது. மாகாணத்துக்கு மத்திய அரசு ஒதுக்கும் அபிவிருத்தி நன்கொடை, நாடாளுமன்ற உறுப்பினரின் பன்முகப்படுத்தப்பட்ட நிதி, உலக வங்கி, ஆசிய அபிவிருத்தி வங்கித் திட்டங்கள் என்று பல வாசல்கள். உலக வங்கியின் நெல்சிப் திட்டத்தில் வடக்கு, கிழக்கின் உள்ளூராட்சி சபைகள் மக்களைக் கூட்டி முன்னுரிமை கேட்டே வேலைகளைத் தெரிந்தன. ஆசிய அபிவிருத்தி வங்கியின் ஐ-றோட் கிராமிய வீதிகளை எடுத்தது. இவை எல்லாவற்றுக்கும் மதிப்பீடு தயாராக இருக்கவேண்டும். தொழில்நுட்ப உத்தியோகத்தர் அளந்து எழுதிய மதிப்பீடு கோவையில் இருக்கும் ஒழுங்கைக்கே திடீரென்று வரும் காசு போகும்.

சபையின் பாதீடு ஜனவரி முதல் டிசம்பர் வரைக்கானது. அதன் வரைபு முந்தைய வருடத்தின் கடைசி மாதங்களில் தயாராகும். சனசமூக நிலையமோ கிராம அபிவிருத்திச் சங்கமோ கடிதம் கொடுப்பதென்றால் செப்டெம்பருக்குள் கொடுப்பது நல்லது. ஒழுங்கையின் பெயர், நீளம், அகலம், எத்தனை குடும்பம், பள்ளிப் பிள்ளைகள் எத்தனைபேர், வெள்ளம் எங்கே தேங்குகின்றது என்பவற்றை எழுதுங்கள். தார் மட்டும் கேட்டு வடிகாலையும் மதகையும் விட்டால் மூன்று மாரிக்குள் தார் கரைந்துபோகும்.

2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து 2025 மே 6 இல் தேர்தல் நடக்கும்வரை எங்கள் சபைகளைச் செயலாளர்களே நடத்தினார்கள். கேட்பதற்கு வட்டார உறுப்பினர் இருக்கவில்லை. இப்போது இருக்கின்றார், பாதீட்டு விவாதத்தில் உங்கள் ஒழுங்கையின் பெயரைச் சொல்லவேண்டியவர் அவர். பதில் வராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி மதிப்பீட்டையும் ஒப்பந்தத் தொகையையும் கேட்கலாம். தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும்.

அரச ஒதுக்கீடு டிசம்பர் 31 உடன் காலாவதியாகும். காசு பிந்தி வந்தால் ஒப்பந்தகாரர் கார்த்திகை மழைக்குள் அவசரமாகக் கிரவலைக் கொட்டித் தார் ஊற்றுவார். அந்த நாட்களில் ஒழுங்கைக்காரர் இரண்டுபேராவது பக்கத்தில் நிற்கவேண்டும். கற்படையின் தடிப்பைத் தார் ஊற்ற முன்னர்தான் அளக்க முடியும். பிழை கண்டால் இறுதிக் கொடுப்பனவுக்கு முன்னர் செயலாளருக்கு எழுத்தில் கொடுங்கள். வேலை முடிந்த பின்னும் வழமையாக ஒரு வருடத்துக்கு ஒப்பந்தகாரரின் பணத்தில் ஒரு பகுதி பிடித்து வைக்கப்பட்டிருக்கும். அந்த மாரியில் வெடித்தால் அவரே வந்து திருத்தவேண்டும்.