கருத்தடை செய்யப்படாத பூனையும் அண்டை வீட்டுப் பூசலும்: சிங்கப்பூர் அடுக்குமாடிகளை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

சிங்கப்பூரில் ஐந்தில் ஏறக்குறைய நான்கு பேர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடி வீடுகளில் வசிக்கின்றனர். அங்கே பக்கத்து வீட்டுப் பூனையும் தெருப்பூனையும் ஒரே தாழ்வாரத்தையும் ஒரே கீழ்த்தளத்தையும் பகிர்ந்துகொள்கின்றன. இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவது ஒன்றும் உண்டு: பலர் சோறு வைக்கும், ஆனால் யாரும் தம்முடையது என்று ஒப்புக்கொள்ளாத பூனை. பூசல்களில் பெரும்பகுதி இதைச் சுற்றியே எழுகிறது.

‘பூனைத் தொல்லை’ என்று ஒரே பெயரில் சொல்லப்படுவது வெவ்வேறு காரணங்களால் விளையும் மூன்று தொல்லைகள் என்பதும், ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர் வேறு என்பதும் இக்கட்டுரையின் கருத்து. வீவக வீடுகளில் பூனை வளர்க்க நெடுநாள் நிலவிய தடை அப்பொறுப்பாளர்களை மறைத்து வைத்தது. 2024இல் தொடங்கிய பூனை உரிமத் திட்டம் அவர்களுள் ஒருவரை மட்டும் வெளிக்கொணர்கிறது.

2. தொல்லைகளின் வகைப்பாடு

2.1 பருவத்தால் வருவன: இரவில் நீண்ட கத்தல், கடுவன்களின் சண்டை, சுவரிலும் கதவிலும் சிறுநீர் தெளித்தல், ஓயாது பிறக்கும் குட்டிகள்.

2.2 தீனியால் வருவன: மிச்சச் சோற்றில் மொய்க்கும் எறும்பு, அதைத் தேடிவரும் எலி, தீனியிடத்தைச் சுற்றிச் சேரும் கழிவு.

2.3 நுழைவால் வருவன: பூந்தொட்டியைத் தோண்டுதல், மோட்டார் சைக்கிள் இருக்கையைக் கீறுதல், திறந்த கதவு வழியே வீட்டுக்குள் புகுதல்.

கருத்தடை முதல் வகையைத் தீர்க்கும். மற்ற இரண்டையும் நேரடியாகத் தீர்க்காது. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல், ‘அறுவை செய்தும் பயனில்லை’ என்று சலித்துக்கொள்வோர் உண்டு.

3. உடலியல் அடிப்படை

3.1 பெருக்கம்: பெண் பூனையின் பருவத்தைப் பகல் வெளிச்சத்தின் நீளம் தூண்டுகிறது. குளிர்நாடுகளில் பகல் குறுகும் மாதங்களில் அது ஓய்ந்திருக்கும். நிலநடுக்கோட்டை ஒட்டிய சிங்கப்பூரில் பகலின் நீளம் ஆண்டு முழுதும் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே அங்கே ஓய்வுக்காலம் இல்லை. நான்கைந்து மாதக் குட்டியே பருவமடையக்கூடும். இணை சேராவிட்டால் இரண்டு மூன்று வாரங்களில் பருவமும் கத்தலும் திரும்பிவரும். சேர்ந்தால், ஒன்பது வாரங்களில் ஓர் ஈற்றுக்குச் சராசரியாக நான்கு குட்டிகள். பால் கொடுக்கும்போதே மறுபடி சினைப்படவும் கூடும்.

3.2 நாற்றம்: கடுவனின் சிறுநீரில் ஃபெலினின் என்னும் கந்தகம் சேர்ந்த அமினோ அமிலம் மிகுதி. ஆண்மைச் சுரப்பைப் பொறுத்தே அதன் அளவு கூடும். அது சிதையும்போது எழும் கந்தகச் சேர்மங்கள்தாம் அந்த நெடிக்குக் காரணம். தரையைக் கழுவியும் நெடி மீள்வதும் இதனாலேயே. விதை நீக்கம் செய்தால் பத்தில் ஏறக்குறைய ஒன்பது கடுவன்களில் தெளிக்கும் பழக்கம் மறைகிறது அல்லது வெகுவாகக் குறைகிறது. சிலவற்றில் இம்மாற்றத்துக்கு வாரக்கணக்கில் ஆகும்.

4. தடையிலிருந்து உரிமம் வரை

வீவக வீடுகளில் பூனை வளர்க்க 1989 முதல் தடை இருந்தது. பூனையை வீட்டோடு அடக்கி வைக்க முடியாது, முடி உதிரும், பொது இடங்களில் கழிவு விடும், கத்தும் என்பன அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள். இவற்றுள் கத்தல் முதல் வகையைச் சேர்ந்தது. பிறவற்றுள் பலவும் வளர்ப்போரின் கவனத்தைப் பொறுத்தவை. எல்லாவற்றுக்கும் தடை ஒன்றையே மருந்தாக்கியபோது, பூனை வைத்திருப்பவர் புகார் வந்ததும் ‘என்னுடையது அல்ல’ என்று சொல்வதே பாதுகாப்பாயிற்று.

தெருப்பூனைகளுக்கான கருத்தடைத் திட்டம் 1998இல் தொடங்கி, சார்ஸ் பரவிய 2003இல் கைவிடப்பட்டது; பூனைகளைப் பிடித்துக் கொல்லும் முறை மீண்டது. பின்னர் கருத்தடையே மறுபடி வழியாயிற்று. 2012இல் சோங் பாங் வட்டாரத்தில், கருத்தடையும் மைக்ரோசிப்பும் செய்த பூனையை வீட்டோடு வளர்க்க அனுமதிக்கும் சோதனைத் திட்டம் தொடங்கியது. 2024 செப்டம்பர் 1 முதல் வீவக வீடு ஒன்றுக்கு இரண்டு பூனைகள் வரை அனுமதி. உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயம். பழைய வளர்ப்போர் பதிவு செய்துகொள்ள 2026 ஆகஸ்ட் 31 வரை தவணை தரப்பட்டது. கருத்தடை கட்டாயமாக்கப்படவில்லை, உரிமக் கட்டண வேறுபாட்டால் ஊக்குவிக்கப்படுகிறது.

5. தீர்வுகளின் மதிப்பீடு

5.1 அகற்றல்: தாஸ்மேனியக் காடுகளில் நடந்து 2015இல் வெளியான ஆய்வொன்றில், குறைந்த அளவில் பூனைகளைக் கொன்ற இடங்களில் அவற்றின் எண்ணிக்கை குறைவதற்குப் பதில் கூடியது. காலியான இடத்துக்கு வெளியிலிருந்து வேறு பூனைகள் வந்துசேர்ந்தன. நகரத்துக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. ஆயினும் ஒரு புளோக்கில் நாலைந்து பூனைகளைப் பிடித்துச் செல்வதன் பயனை இது ஐயத்துக்கு உள்ளாக்குகிறது.

5.2 பட்டினி போடுதல்: சோறு நின்றால் பூனைகள் குப்பைத்தொட்டிக்கும் அடுத்த புளோக்குக்கும் செல்லும். தொல்லை இடம் மாறுமே தவிரத் தீராது.

5.3 கருத்தடை செய்து விடுதல்: ஃபுளோரிடாவின் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் 11 ஆண்டுகள் கண்காணித்து 2003இல் வெளியிட்ட ஆய்வில், 1996இல் 68 ஆக இருந்த பூனைகள் 2002இல் 23 ஆகக் குறைந்தன. இதைக் கருத்தடையின் வெற்றியாக மட்டும் காட்டுவது பாதி உண்மை. கணக்கில் வந்த 155 பூனைகளில் 47 விழுக்காடு வீடுகளுக்குத் தத்துப் போயின. கருத்தடை புதிய பிறப்பை நிறுத்தியது. இருந்தவற்றைக் குறைத்ததில் பெரும்பங்கு தத்தெடுப்புக்கே. இதை வைத்துப் பார்த்தால், 1989இன் தடை நாட்டின் பெரும்பாலான வீடுகளில் தத்தெடுப்பைச் சட்டமுரணாக்கித் தான் ஒழிக்க எண்ணிய தொல்லையையே நீடிக்கச் செய்தது எனலாம்.

6. பொறுப்பின் பங்கீடு

பருவத் தொல்லைக்கு வளர்ப்பவர் பொறுப்பு. கருத்தடை அவர் கடமை. தீனித் தொல்லைக்குச் சோறு வைப்பவர் பொறுப்பு. குறித்த நேரத்தில், குறித்த இடத்தில் வைத்து, பூனை தின்றதும் தட்டை எடுத்து இடத்தைக் கழுவ வேண்டும். அந்தப் பூனையைப் பிடித்துத் தருவதற்கும் அவரே தக்கவர்; அது நம்பி வருவது அவரிடம்தான். நுழைவுத் தொல்லை இரு தரப்புக்கும் பொது: வளர்ப்பவர் சன்னலுக்கும் கம்பிக்கதவுக்கும் வலை அடிக்க, மற்றவர் வண்டிக்கு உறை போட்டு, தொட்டி மண்மேல் கூழாங்கல் பரப்பலாம்.

அண்டை வீட்டாரின் பிராணியால் வரும் தொல்லை 2015ஆம் ஆண்டின் சமூகப் பூசல் தீர்வுச் சட்டத்துக்குள் அடங்கும். ஆனால் வழக்கிடவும் சமரசம் பேசவும் எதிர்த்தரப்பில் ஓர் ஆள் வேண்டும். உரிமம் அந்த ஆளைத் தருகிறது. சோறு வைப்பவருக்கு அப்படியொரு பதிவு இல்லை. மூன்றாவது பூனை இன்னும் சட்டத்துக்கு வெளியே நிற்கிறது.

7. முடிவுரை

தடை பூனையைக் குற்றவாளியாக்கியது. உரிமம் மனிதரைப் பொறுப்பாளராக்குகிறது. எனினும் உரிமம் பெற்ற பூனைகளின் எண்ணிக்கையைக் கொண்டு திட்டத்தின் வெற்றியை அளப்பது தவறு. உரிமம் பெற்றவற்றில் கருத்தடை ஆனவை எத்தனை, கீழ்த்தளங்களில் புதிதாகப் பிறக்கும் குட்டிகள் எத்தனை என்ற இரண்டும் ஆண்டுதோறும் எண்ணப்பட வேண்டும். முதல் எண் உயரவில்லையென்றால் கட்டண வேறுபாடு போதவில்லை என்று பொருள். அப்போது கருத்தடையைக் கட்டாயமாக்குவதே முறை. முதல் எண் உயர்ந்தும் இரண்டாவது குறையவில்லையென்றால், அடுத்த விதி சோறு வைப்போருக்காக எழுதப்பட வேண்டும்.