கியர் பாக்ஸுக்குள் மூன்று பேர்

தென்காசியிலிருந்து செங்கோட்டை வழியாகக் கேரளா போகிற ரோடு, பழைய கார்களுக்கு ஒரு பரீட்சை ஹால். குற்றாலம் வரைக்கும் பிரச்னையே இல்லை. சாரலில் நனைந்தபடி டாப் கியரில் ஜாலியாகப் போய்விடலாம். புளியரை தாண்டி ‘எஸ்’ வளைவில் ஏற ஆரம்பித்ததும்தான் வண்டியின் வண்டவாளம் தண்டவாளம் ஏறும்! செகண்ட் கியரில் ‘ங்ஙொய்ய்’ என்று ஒரு ஊளை. கோட்டைவாசலில் திரும்பி இறங்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், கியர் தானாகத் துள்ளி நியூட்ரலில் விழுகிறது. தட்டுத்தடுமாறிக் கீழே வந்து மெக்கானிக்கிடம் போனால், அவர் சொல்வது ஒரே வரிதான்: ‘கியர் பாக்ஸ் போச்சு சார்!’

போச்சு என்றால்? அதற்குள் எது போச்சு?

இதற்குப் பதில் கண்டுபிடிக்கக் கொஞ்சம் சரித்திரம் தெரிந்திருப்பது நல்லது. காரணம், ஒரு பழைய கியர் பாக்ஸுக்குள் மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு சத்தம். எந்தச் சத்தம் யாருடையது என்று தெரிந்துவிட்டால், வியாதி பாதி பிடிபட்டுவிடும்.

முதல் ஆள், எமில் லெவஸோர். பிரெஞ்சுக்காரர். பெட்ரோல் இன்ஜினிடம் ஒரு பலவீனம் உண்டு. மாடு என்றால் நின்ற இடத்திலேயே மூச்சைப் பிடித்து இழுத்துவிடும். நீராவி இன்ஜினும் அப்படியே. பெட்ரோல் இன்ஜினுக்கு வேகமாகச் சுற்றினால்தான் பலம்! மேட்டில் வண்டி மெதுவாகப் போக வேண்டும், இன்ஜின் மட்டும் வேகமாகச் சுற்ற வேண்டும். 1890களில் லெவஸோர் செய்த ஏற்பாடு, இரண்டு தண்டுகளில் சின்னதும் பெரிதுமாகப் பல்சக்கரங்களை மாட்டி, தேவையானதை நகர்த்தி இன்னொன்றோடு கோர்ப்பது. சுற்றிக்கொண்டிருக்கிற பல்லோடு சுற்றிக்கொண்டிருக்கிற பல்லை மோதவிட்டால் என்ன ஆகும்? கரகரவென்று அலறும். ‘முரட்டுத்தனம்தான், ஆனா வேலை நடக்குது’ என்று அவரே சொன்னதாக ஒரு கதை உண்டு. 1895ல் பாரிஸ்-போர்டோ-பாரிஸ் பந்தயத்தில் கிட்டத்தட்ட 1,180 கிலோமீட்டரை 49 மணி நேரத்துக்குள் ஓட்டி முதலில் வந்து சேர்ந்தார் மனிதர். அடுத்த வருடப் பந்தயத்தில் அடிபட்டு, 1897ல் இறந்துபோனார்.

இரண்டாவது ஆளும் பிரெஞ்சுக்காரர்தான். லூயி ரெனோ. 1898ல் தான் செய்த சின்ன வண்டியில் ஒரு தந்திரம் பண்ணினார். டாப் கியர் போட்டதும், இன்ஜினிலிருந்து வரும் தண்டும் பின்சக்கரத்துக்குப் போகும் தண்டும் நேராகப் பூட்டிக்கொள்ளும். கீழே இருக்கிற ‘லே ஷாஃப்ட்’ என்ற துணைத் தண்டுக்கு அப்போது சுமையே கிடையாது, சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். டாப்பில் வண்டி வழுக்கிக்கொண்டு போனது.

மூன்றாவது ஆள் அமெரிக்கர். ஏர்ல் தாம்ஸன். லெவஸோரின் கரகரவை அடக்கியவர் இவர். ஓடுகிற பஸ்ஸில் தொற்றுகிறவன் என்ன பண்ணுவான்? நாலடி பஸ்ஸோடு ஓடி, வேகம் சமமானதும் காலை வைப்பான். அதையேதான் தாம்ஸன் கியருக்குச் சொல்லிக்கொடுத்தார். பல்லும் பல்லும் சேர்வதற்கு முன்னால், கூம்பு வடிவ உரசல் ஒன்று இரண்டின் வேகத்தையும் சமமாக்கிவிடும். பெயர் சிங்க்ரோமெஷ். 1928ல் கேடிலாக் காரில் வந்தது. பிற்காலக் கார்களில் இந்த உரசல் வேலையைச் செய்வது ஒரு பித்தளை வளையம். அதுவரை டிரைவர்கள் எல்லோரும் ‘டபுள் கிளட்ச்’ போட்டாக வேண்டும். கிளட்சை மிதித்து நியூட்ரல், காலை எடுத்து ஒரு ரேஸ், மறுபடி கிளட்ச், பிறகு கியர். நம்மூர் மலைப்பாதைகளில் பஸ் ஓட்டிய பழைய டிரைவர்களுக்கு இது கைவந்த கலை.

சரி, இந்த மூன்று பேரும் நம்மூருக்கு எப்படி வந்தார்கள்?

சென்னை வழியாகத்தான்! வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் கம்பெனி, 1961ல் ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ காரை விட்டது. இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டுதான் அது. வரைந்தவர் இத்தாலியரான மிக்கெலாட்டி. 1962ல் இதே ஹெரால்டின் சேஸிஸைக் குட்டையாக்கி, டிரையம்ஃப் ‘ஸ்பிட்ஃபயர்’ என்ற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தது. கியர் பாக்ஸும் அதே குடும்பம். நம்மூர் டாக்டரும் வக்கீலும் குடும்பத்தோடு குற்றாலம் போன காருக்குள் இருந்தது, ஸ்போர்ட்ஸ் காரின் கியர் பாக்ஸ்! சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் நடந்த ரேஸ்களில் ஹெரால்டு சீறியதில் ஆச்சரியமில்லை.

இப்போது வைத்தியம். ஹெரால்டோ, பழைய ஸ்பிட்ஃபயரோ, முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். வண்டி உருளும்போது ஃபர்ஸ்ட் கியர் போட்டால் கரகரக்கிறதா? அது வியாதியே அல்ல. ஃபர்ஸ்ட் கியருக்கு அதில் சிங்க்ரோ வைக்கவே இல்லை. ஸ்பிட்ஃபயருக்கே 1970ல்தான் வந்தது. அங்கே இன்னமும் லெவஸோர்தான் ஆட்சி. வண்டி நின்ற பிறகு போடுங்கள், அல்லது டபுள் கிளட்ச் பழகுங்கள்.

எல்லாக் கியரும் கரகரத்தால் கியர் பாக்ஸைத் திட்டாதீர்கள். இன்ஜினை ஐடிலில் விட்டு, கிளட்சை அமுக்கி, சில விநாடி பொறுத்து ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள். அப்போதும் அலறினால் கிளட்ச் முழுசாக விலகவில்லை என்று அர்த்தம். செகண்டுக்கு இறக்கும்போது மட்டும் கரகரத்தால், தாம்ஸன் களைத்துவிட்டார். பித்தளை வளையம் தேய்ந்திருக்கிறது.

ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்டில் ஊளை, டாப்பில் நிசப்தம் என்றால் அது ரெனோவின் சாட்சியம். டாப்பில் சுமையில்லாமல் சுற்றுகிற லே ஷாஃப்ட் பக்கம்தான் கோளாறு. அதன் ஊசி பேரிங்குகளும் அவை உருளுகிற தண்டும் தேய்ந்திருக்கும். நியூட்ரலில் வருகிற உறுமல், கிளட்சை அமுக்கியதும் நின்றால் சந்தேகம் இன்னும் வலுக்கும். ரிவர்ஸ் ஊளையிட்டால் மட்டும் பயப்படாதீர்கள். அதன் பற்கள் நேராக வெட்டியவை, புதிதிலேயே அப்படித்தான் பாடும்.

இறக்கத்தில் கியர் துள்ளி விழுவதுதான் ஆபத்தானது. ‘எந்தக் கியரில் ஏறினாயோ, அதே கியரில் இறங்கு’ என்பது மலைப்பாதை டிரைவர்களின் வேதம். தேருக்கு முட்டுக்கட்டை மாதிரி, இறங்குகிற காருக்கு இன்ஜின்தான் பிடிமானம். கியர் கழன்றால் மொத்தப் பாரமும் டிரம் பிரேக்கின் தலையில். அது சூடேறினால் பிடிக்காது. அதனால் இதைச் சரி பண்ணாமல் புளியரைப் பக்கம் போவது புத்திசாலித்தனம் அல்ல. ஆறுதல் என்னவென்றால், காரணம் சில சமயம் மேல்மூடிக்குள் இருக்கிற சின்ன ஸ்பிரிங்தான். பாக்ஸை இறக்காமலே மாற்றிப் பார்க்கலாம். அதற்கும் மசியாவிட்டால் ஃபோர்க்கோ, பூட்டுகிற பற்களோ தேய்ந்திருக்கும்.

பிரிப்பதற்கு முன் ஆயிலை வடித்து ஒரு காந்தத்தை விட்டுப் பாருங்கள். சாம்பல் நிறக் குழம்பு ஒட்டினால், வயதான பாக்ஸில் சகஜம். மஞ்சள் மினுக்கல் மிதந்தால் சிங்க்ரோ வளையம். இரும்புச் சில்லு வந்தால் வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள். அந்தச் சில்லு மற்ற பற்களுக்கு நடுவே புகுந்து, ஒரு பேரிங் செலவை முழு பாக்ஸ் செலவாக்கிவிடும். தடித்த ஆயிலை ஊற்றிச் சத்தத்தை அமுக்கி விற்கிற வித்தையும் உண்டு, வாங்குகிறவர்கள் உஷார்! ஆயிலிலும் ஜாக்கிரதை தேவை. ‘ஜிஎல்-5’ என்று எழுதியிருக்கும் பல எண்ணெய்களில் உள்ள கந்தக மருந்து, பித்தளையை மெல்ல அரிக்கக்கூடியது. ‘ஜிஎல்-4’ பாதுகாப்பு.

ஹெரால்டில் ஒரு வசதி, கியர் பாக்ஸை காருக்குள்ளிருந்தே தூக்கிவிடலாம். பிரித்துவிட்டால் கஞ்சத்தனம் கூடாது. பேரிங், வாஷர் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்ற வேண்டும்; ஒன்றோடொன்று சேர்ந்து தேய்ந்த பல்சக்கரங்களை ஜோடியாகவே மாற்ற வேண்டும். லே ஷாஃப்ட் தண்டை லேத் பட்டறையில் சாதா இரும்பில் கடைந்து போட்டால் சீக்கிரமே ஊளை திரும்பிவிடும். ஊசிகள் அதன்மேலேயே உருளுவதால், மேல்தோல் கடினமாக்கிய எஃகு தேவை.

பாகத்துக்கு எங்கே போவது? ஹெரால்டு 1970களில் ‘கெஸல்’ ஆகி, பிறகு நின்றுபோனது. கம்பெனி 1980களில் ‘ஸ்டாண்டர்டு 2000’ என்று ஒரு பெரிய காரை விட்டுக் கையைச் சுட்டுக்கொண்டு, கார் செய்வதையே விட்டுவிட்டது. ஆனால், இங்கிலாந்தில் ஸ்பிட்ஃபயர் பைத்தியங்கள் இன்னும் ஏராளம். அவர்களுக்காக சிங்க்ரோ வளையமும் லே ஷாஃப்ட்டும் இன்றைக்கும் புதிதாகத் தயாராகின்றன. பல பாகங்கள் நம் ஹெரால்டுக்கும் பொருந்தும். தாய் வீடு மூடிய பிறகு, ஸ்போர்ட்ஸ் காரின் சொந்தக்காரர்கள்தான் இந்தக் குடும்பக் காருக்கும் சோறு போடுகிறார்கள்!

அடுத்த சீசனில் செங்கோட்டை தாண்டும்போது பாட்டை நிறுத்திவிட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஒவ்வொரு கியராகக் காது கொடுத்துக் கேளுங்கள். உள்ளே மூன்று பேரில் யார் முனகுகிறார் என்று கண்டுபிடித்துவிட்டு மெக்கானிக்கிடம் போனால், ‘கியர் பாக்ஸ் போச்சு’ என்ற ஒரு வரியோடு அவர் முடித்துவிட முடியாது.