வலிக்கும் முன்பே சொல்லும் படம்

முழங்கால் எக்ஸ்-ரேயில் தொடையெலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவே ஓர் இருண்ட இடைவெளி தெரியும். ‘ஜவ்வு தேய்ந்துவிட்டது’ என்று பேச்சில் சொல்கிறோமே, அந்தக் குருத்தெலும்பு இருக்கும் இடம் அதுதான். ஆனால் அது எக்ஸ்-ரேயில் விழாது. இடைவெளி குறுகியிருந்தால் தேய்ந்திருக்கிறது என்று ஊகிக்கத்தான் முடியும். 1957-இல் இங்கிலாந்தில் கெல்கிரெனும் லாரன்சும் மூட்டுத் தேய்மானத்துக்கு 0 முதல் 4 வரை படிநிலைகள் வகுத்ததும் எக்ஸ்-ரேயை வைத்துத்தான். இன்றும் அவை புழக்கத்தில் இருக்கின்றன.

இடைவெளி குறுகும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும். குருத்தெலும்பில் ரத்தக் குழாய் இல்லை. போனது மீண்டும் வளர்வது அரிது. நரம்பும் இல்லை, தேயத் தொடங்கும்போது அது வலித்துக் காட்டாது. தேய்வதற்கு முன்பே அதற்குள் நடக்கும் மாற்றத்தைப் பார்த்தாக வேண்டும்.

வழி தண்ணீரில் கிடைத்தது. குருத்தெலும்பின் எடையில் பெரும்பங்கு தண்ணீர்; அது கொலாஜன் இழைகளின் வலைக்குள் அடங்கியிருக்கிறது. எம்.ஆர்.ஐ. எந்திரம் தண்ணீரிலுள்ள ஹைட்ரஜனைத் தூண்டி, அது தரும் சமிக்ஞை எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்று அளக்கிறது. அந்த நேரத்துக்கு டி2 என்று பெயர். இழைகள் கட்டுக்கோப்பாக இருந்தால் சமிக்ஞை சீக்கிரம் அடங்கும். இழைகள் குலைந்து தண்ணீர் தளர்ந்தால் நேரம் நீளும். குருத்தெலும்பின் கனம் குறையாதபோதே இந்த மாற்றம் தெரிய வரும்.

ஆனால் எந்த மாற்றம் நோயில் போய் முடிகிறது என்று அறிய, ஆட்களைப் பல ஆண்டுகள் பின்தொடர வேண்டும். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் மருந்துக் கம்பெனிகளோடு சேர்ந்து அதற்கு ஏற்பாடு செய்தன. 2004 முதல் 2006 வரை பால்டிமோர், கொலம்பஸ், பிட்ஸ்பர்க், பாட்டக்கெட் ஆகிய ஊர்களில் 45 முதல் 79 வயதுவரையான 4,796 பேர் சேர்ந்தார்கள். பெரும்பாலோருக்கு அப்போது வலியோடு கூடிய தேய்மானம் கிடையாது. வரும் வாய்ப்பு மட்டுமே இருந்தது. இருந்தும் திரும்பத் திரும்ப வந்து ஸ்கேனுக்குள் அசையாமல் படுத்தார்கள். டி2-வுக்காக முழங்காலின் ஒரே குறுக்குத்தளம் 10 மில்லிசெகண்டில் தொடங்கி 70 வரை ஏழு கட்டங்களில் பதிவாகும். ஒவ்வொரு புள்ளியிலும் சமிக்ஞை எப்படி மங்குகிறது என்று கணக்கிட்டால் தண்ணீரின் வரைபடம் கிடைக்கும். சேர்ந்த தகவல்கள் எல்லா ஆய்வாளர்களுக்கும் திறந்துவிடப்பட்டன.

அந்த வரைபடங்களை வெறும் கண்ணால் பார்த்து யாருக்கு நோய் வரும் என்று பிரித்துச் சொல்வது கடினம். இங்கேதான் ஒரு பழைய கணக்கு கைகொடுத்தது. ஒரு குவியல் மண்ணை மிகக் குறைந்த உழைப்பில் இன்னொரு வடிவத்துக்கு எப்படிக் கொண்டுபோவது? பிரெஞ்சுக் கணித அறிஞர் காஸ்பார் மோன்ழ் 1781-இல் எழுப்பிய கேள்வி இது. ஷிஞ்ஜினி குண்டு, கென்னத் யூரிஷ், குஸ்தாவோ ரோடே ஆகியோரின் குழு மண்ணுக்குப் பதில் படத்தின் டி2 அளவுகளை வைத்தது. ஒருவர் முழங்காலின் பரவலை இன்னொரு பரவலாக மாற்ற எவ்வளவு, எங்கே நகர்த்த வேண்டும் என்பதைக் கணினி கற்றுக்கொண்டது. வலியோ எக்ஸ்-ரே மாற்றமோ பெரிதாக இல்லாத 86 பேரின் படங்களிலிருந்து, மூன்று ஆண்டுகளில் யாருக்கு நோய் தலைகாட்டும் என்பதை 78 விழுக்காடு சரியாக அது கணித்தது. 2020-இல் முடிவு வெளியானது.

86 பேர் சிறிய எண்ணிக்கைதான்; ஆயிரக்கணக்கானோரிடம் சோதித்த பிறகே மருத்துவமனையில் இதை நம்பிப் பயன்படுத்தலாம். ஆனால் இந்தத் திசை சரியானது என்று உறுதியாக நம்புகிறேன். தேய்மானத்தைத் தடுத்து நிறுத்தும் என்று அங்கீகாரம் பெற்ற மருந்து இன்றுவரை இல்லை. பாதிக்கு மேல் தேய்ந்துபோன மூட்டில் மருந்தைச் சோதித்தால், காப்பாற்ற அங்கே என்ன மிச்சமிருக்கும்? யாருக்கு வரப்போகிறது என்று முன்பே தெரிந்தால் அவர்களிடம் மருந்தைச் சோதிக்கலாம். எடையைக் குறைக்கவும் தொடைத் தசையை வலுப்படுத்தவும் அவர்களுக்கு அவகாசம் கிடைக்கும். தங்களுக்கு உடனடிப் பலன் எதுவும் இல்லை என்று தெரிந்தே முழங்காலைக் காட்டிய அந்த 4,796 பேருக்கு மருத்துவ உலகம் பட்டிருக்கும் கடன், இந்த முன்னறிவிப்பைப் பயனுக்குக் கொண்டுவருவதுதான்.