ஆழ்மூளைத் தூண்டல் (மனச்சோர்வு)

மருந்து, உளவியல் சிகிச்சை, மின்னதிர்வுச் சிகிச்சை எதற்கும் அடங்காத நெடுநாள் மனச்சோர்வுக்காக மூளைக்குள் மின்முனைகளைப் பொருத்தும் அறுவைச் சிகிச்சை. உளநோய் நரம்பறுவை வகையைச் சேர்ந்தது. திசுவை அழிக்காது, மின்னளவை மாற்றலாம், நிறுத்தலாம்.

ஏறத்தாழ 1.3 மி.மீ. தடிமனுள்ள கம்பிகள் மண்டையோட்டுத் துளை வழியே இறங்கும். காறை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் மின்கலம் இருக்கும். 1987இல் பிரான்சில் நரம்பறுவை மருத்துவர் பெனாபிட் இம்முறையை நடுக்கத்துக்குக் கையாண்டார். 2005இல் டொராண்டோவில் மருத்துவர்கள் ஹெலன் மேபெர்க், லொசானோ குழுவினர் மனச்சோர்வுற்ற 6 பேருக்கு மூளையின் 25ஆம் பகுதியைத் (பிராட்மன் எண்) தூண்டினர். ஆறு மாதத்தில் 4 பேர் தேறினர். விழித்திருந்த நோயாளிகள் சிலர், மின்சாரம் பாய்ந்ததும் அறை வெளிச்சமானதாகக் கூறினர். 90 பேரிடம் நடந்த பிந்தைய ஆய்வில், ஆறு மாதத்தில் மின்சாரம் செலுத்தாத போலித் தூண்டலைவிடத் தெளிவான பலன் இல்லை. இரண்டாண்டில் ஏறத்தாழப் பாதிப்பேர் முன்னேறினர். ஆகவே இது இன்னும் ஆய்வுநிலைச் சிகிச்சையே.

இந்தியாவில் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017இன் 96ஆம் பிரிவு, உளநோய் அறுவைக்கு நோயாளியின் ஒப்புதலையும் மனநல வாரிய அனுமதியையும் கட்டாயமாக்குகிறது. மனச்சோர்வுற்றோருக்கு 14416 என்ற அரசின் டெலிமனஸ் தொலைபேசி எண்ணில் தமிழிலும் இலவச ஆலோசனை கிடைக்கும்; மேல்சிகிச்சைக்கு 1794இல் தோன்றிய சென்னை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை உள்ளது.