அரசாணிக்காய் தின்னும் கோழிகள்

அரசாணிக்காயை அரிந்தால் விதையும் நாரும் கோழிக்குப் போகும். எங்கள் கொங்குப் பக்கத்து வழக்கம் அது. அந்தக் காயை வெளியூர்க்காரர்கள் பரங்கி என்பார்கள், மஞ்சள் பூசணி என்பார்கள். எங்கள் ஆத்தா அந்த வழக்கத்துக்குக் காரணம் எதுவும் சொன்னதில்லை. இன்றைக்கு நாட்டுக்கோழி வளர்ப்பவர்களிடம் காரணத்துக்குப் பஞ்சமில்லை: விதை புழுவைக் கொல்லும், சதை முட்டைக் கருவுக்கு நிறம் தரும், நிறமிருந்தால் சத்து அதிகம், எல்லாமே ஆதிகால வைத்தியம்.

ஆதிகாலமா? மெக்சிகோவின் ஒஹாகா பகுதியில், கிலா நக்கீட்ஸ் குகையில் கிடைத்த பூசணி விதைகளுக்கு வயது ஏறத்தாழ 10,000 ஆண்டு. கோழியோ தென்கிழக்காசியக் காட்டுக்கோழியின் வம்சம். 1493இல் கொலம்பஸ் இரண்டாம் முறை கப்பலேறியபோதுதான் கோழிகளும் அமெரிக்கப் பக்கம் போயின. (பாலினீசியர்கள் முன்பே சிலிக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்றொரு வழக்கு இன்னும் தீரவில்லை.) இரண்டும் ஒரே முற்றத்தில் சேர்ந்து ஐந்நூறு ஆண்டு சொச்சம்தான்.

புழுச் சங்கதிக்கு வருவோம். அமெரிக்க அரசு ஏற்ற மருந்து நூலில் 1863 முதல் 1936 வரை பூசணி விதை குடற்புழு மருந்தாக இருந்தது. ஆனால் அது மனிதருக்கு, முக்கியமாக நாடாப்புழுவுக்கு. கைநிறைய விதையை அரைத்துக் கொடுத்து, பிறகு விளக்கெண்ணெயும் கொடுத்து வெளியேற்றுவார்கள். குகர்பிட்டின் என்ற அமினோ அமிலத்தின் வேலை அது என்று பின்னால் சொன்னார்கள். நம் கோழியை வாட்டுவதில் முதல் ஆள் உருண்டைப்புழு. போகிறபோக்கில் நாலு விதை கொத்துவதை மருந்து என்று எப்படி ஒப்புக்கொள்வது?

நிறத்தின் கதை இன்னும் ருசியானது. 1919இல் விஸ்கான்சினில் ஹாரி ஸ்டீன்பாக், மஞ்சள் காய்களிலும் மஞ்சள் சோளத்திலும் வைட்டமின் ஏ-யின் குணம் இருப்பதைக் கண்டு, நிறமும் சத்தும் உறவு என்றார். அதே ஆண்டு லீராய் பால்மரும் ஹாரி கெம்ப்ஸ்டரும் லெகான் கோழிகளுக்கு மஞ்சள் நிறமியே இல்லாத தீனியும் கொஞ்சம் பன்றி ஈரலும் போட்டு வளர்த்தார்கள். கோழிகள் தளதளவென்று வளர்ந்தன, முட்டையிட்டன, குஞ்சும் பொரித்தன. கரு மட்டும் வெளுத்துக் கிடந்தது! ஸ்டீன்பாக் தோற்றுவிட்டார் என்றே தோன்றியது. முடிச்சு அந்த ஈரலில் இருந்தது. வைட்டமின் ஏ அதில் நிறமில்லாமல் தயாராகவே இருந்தது. 1930 வாக்கில் கேம்பிரிட்ஜின் தாமஸ் மூர், எலி தின்ற கரோட்டின் என்ற மஞ்சள் நிறமி வைட்டமின் ஏ-யாக மாறி அதன் ஈரலில் சேர்வதைக் காட்டிய பிறகே இரு தரப்பும் சரி என்று தெரிந்தது.

கருவை மஞ்சளாக்குவது பெரும்பாலும் கரோட்டின்கூட அல்ல, சாந்தோஃபில் என்ற அதன் பங்காளி. ஆகவே கருவின் நிறத்தைப் பார்த்துச் சத்தை அளக்க முடியாது. அரசாணிக்காய் நல்ல தீனிதான். வைட்டமின் ஏ குறைந்து கண்ணில் நீர் கோத்து, தொண்டையில் வெண்கொப்புளம் கண்ட கோழியைப் பார்த்தவர்கள் அதை மறுக்கமாட்டார்கள். தாராளமாகப் போடுங்கள். புழுவுக்கு மட்டும் கால்நடை மருத்துவரிடம் கேட்டுத் தனி மருந்து கொடுத்துவிடுங்கள்.