வெண்ணீறும் வெள்ளைச் சேலையும்: கே. பி. சுந்தராம்பாளின் கலைவாழ்வு

யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கோயில்களிலே திருவிழாக் காலங்களில் ஒலிபெருக்கி கட்டும் வழக்கம் ஏற்பட்ட பின்னர், அதன் வழியே ஊர்தோறும் கேட்ட குரல்களுள் ஒன்று கே. பி. சுந்தராம்பாளுடையது. முருகன் மீதான அவரது பாடல்களைக் கேளாத கிராமம் குடாநாட்டில் இல்லையெனலாம். ஔவையார் என்றதும் பலரின் மனக்கண்ணிலே தோன்றுவதும் நெற்றியில் நீறணிந்து, வெள்ளைச் சேலையுடுத்து, கையிற் கோலூன்றி நின்ற அவரது உருவமே. ஆயின், 1920களில் அவர் இலங்கைக்கு வந்தபோது ஔவையாராக வரவில்லை. நாடகக் கொட்டகை மேடையிலே காதற் பாத்திரங்களேற்றுப் பாடிய இளநடிகையாகவே வந்தார். அந்த நடிகை இந்த மூதாட்டியாக மாறியது எவ்வாறு? இவ்வினாவுக்கு விடை காண முயலும்போது ஒரு பெண்ணின் வாழ்க்கை மட்டுமன்றி, அவரைப் போற்றிய சமூகத்தின் இயல்பும் புலனாகின்றது.

காவிரிக் கரையிலுள்ள கொடுமுடி என்னும் சிற்றூரிலே 1908ஆம் ஆண்டு சுந்தராம்பாள் பிறந்தார். அவரது பெயரின் முன்னுள்ள இரண்டு எழுத்துகளுள் முதலாவது ஊரையும் இரண்டாவது தாயையும் குறிப்பன. தந்தையின் பெயரை முன்னெழுத்தாகக் கொள்ளும் தமிழர் வழக்குக்கு மாறாக, பாலாம்பாள் என்னும் அன்னையின் பெயரே அவருக்கு முன்னெழுத்தாயிற்று. வறுமை மிக்க குடும்பம் அது. சிறுமியாயிருந்தபோது ரயில் வண்டிகளிற் பாடிக் காசு பெற்றார் என்றும், அக்குரலின் வளத்தை உணர்ந்தவர்கள் அவரை நாடகத்துறைக்கு வழிப்படுத்தினர் என்றும் அவரது வரலாற்றைக் கூறுவோர் குறிப்பிடுவர். வேலு நாயர் நாடகக் குழுவிற் சேர்ந்து, நல்லதங்காள் நாடகத்திலே பசியால் வாடும் ஆண்குழந்தையின் வேடத்தில் தோன்றியமையே அவரது அரங்கப் பிரவேசம் என்பர். பசியை நன்கறிந்த ஒரு பிள்ளைக்கு அப்பாத்திரம் அந்நியமானதாக இருந்திருக்க முடியாது.

அக்காலத்து இசை நாடகம் எத்தகையது என்பதை இங்கு நினைவுகூர்தல் அவசியமாகும். பார்சி நாடகக் குழுக்களின் செல்வாக்கினால் உருப்பெற்று, சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) முதலியோரின் ஆக்கங்களால் நிலைபெற்ற அரங்க வடிவம் அது. யாழ்ப்பாணத்தார் இதனை ‘டிறாமா’ என்றும் ‘கொட்டகைக் கூத்து’ என்றும் அழைத்தனர். தென்னிந்தியக் குழுக்கள் கடல் கடந்து வந்து இங்கு நாடகங்களை மேடையேற்றின. அவற்றைப் பார்த்துப் பழகிய உள்ளூர்க் கலைஞரும் அவ்வடிவத்தைத் தமதாக்கிக் கொண்டனர். இரவு முழுவதும் நிகழும் ஆட்டத்திலே ஒலிவாங்கி கிடையாது. ஆர்மோனியத்தின் உச்சச் சுருதியையும் மீறிக் கொட்டகையின் கடைசி வரிசை வரை குரல் செல்லவேண்டும். ‘இராஜபார்ட்’ நடிகரும் ‘ஸ்திரீபார்ட்’ நடிகரும் மேடையில் நின்று, எழுதிவைக்கப்படாத தருக்கத்தைப் பாட்டாலேயே நடத்தவேண்டும். பாடத் தயங்கியவர் சபையோர் முன் தோற்றவராவர். சுந்தராம்பாளின் குரலிற் பிற்காலத்திலும் மறையாதிருந்த ஓங்காரமும், சொல் சிதையாத உச்சரிப்பும் இந்தக் கொட்டகைப் பயிற்சியின் பேறுகளே.

ஆனால், மேடையேறிய பெண்ணுக்குச் சமூகம் வழங்கிய இடம் வேறு. அவளது பாட்டைக் கேட்கக் காசு கொடுத்தவர்களே, அவளைத் தம் வீட்டுப் பெண்களுக்கு ஒப்பானவளாக ஏற்க மறுத்தனர். குடாநாட்டின் நிலையும் இதற்கு விலக்கன்று. கோயில்களிலே தேவதாசியர் ஆடுவதை ஆறுமுக நாவலர் (1822–1879) கடுமையாகக் கண்டித்தமை பலரும் அறிந்ததே. சமயத் தூய்மை கருதி எழுந்த அக்கண்டனத்தின் பின்னணியில் வளர்ந்த சைவ நடுத்தர வர்க்கம், பெண் அரங்கேறுவதை இழிவெனவே கருதியது. கலையரசு சொர்ணலிங்கம் போன்ற கற்றோர் நடத்திய சபா நாடகங்களிலும் பெண் வேடங்களை ஆண்களே தாங்கினர். நடிகமணி வி. வி. வைரமுத்துவின் புகழ்பெற்ற ‘மயான காண்டம்’ நாடகத்திலே, மகனை இழந்து புலம்பும் சந்திரமதியாக நின்றவரும் ஆணே. பெண்ணின் துயரை மேடையிற் கண்டு கண்ணீர் வடிக்க ஆயத்தமாயிருந்த சமூகம், அத்துயரைப் பாட ஒரு பெண்ணை அனுமதிக்க ஆயத்தமாயிருக்கவில்லை.

இத்தகைய சூழலில், 1926ஆம் ஆண்டளவிலே கொழும்பு நகரில் சுந்தராம்பாளும் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவும் ஒரே மேடையில் இணைந்தனர். கிட்டப்பா (1906–1933) அக்காலத் தமிழ் நாடக மேடையின் தலைசிறந்த பாடகர். அவரோடு பாடினால் ஈடுகொடுக்க முடியாது எனச் சிலர் சுந்தராம்பாளை எச்சரித்தனர் என்பர். ஆயின் மேடையில் நிகழ்ந்தது தோல்வியன்று. இரு பெருங்குரல்களின் சங்கமம். ‘வள்ளி திருமணம்’, ‘கோவலன்’ போன்ற நாடகங்களில் அவர்களைக் காணத் தமிழ்நாட்டிலும் கடல் கடந்த நாடுகளிலும் மக்கள் திரண்டனர். மேடையுறவு வாழ்க்கை உறவாகவும் மலர்ந்தது. கிட்டப்பாவோ ஏற்கெனவே மணமானவர், பிராமண குலத்தவர். அவ்வுறவைச் சுந்தராம்பாள் திருமணமென்றே கொண்டார்; உறவினரும் ஊராரும் அவ்வாறு கொள்ளவில்லை. பிறந்த குழந்தை தங்கவில்லை. மனவேறுபாடுகளால் இருவரும் பிரிந்து வாழவும் நேர்ந்தது. அவர் கிட்டப்பாவுக்கு எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் அச்சேறியுள்ளன. மேடையில் எவரிடமும் தோலாத பெண், வாழ்க்கையில் தன் உரிமையை மன்றாடிக் கேட்க வேண்டியிருந்ததை அவை காட்டுகின்றன.

1933ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 2ஆம் திகதி கிட்டப்பா காலமானார். அப்போது அவருக்கு வயது 27, சுந்தராம்பாளுக்கு 25. அன்று தொட்டுச் சுந்தராம்பாள் வெள்ளையாடை உடுத்தார், அணிகலன்களைக் களைந்தார், எந்த ஆணுடனும் இணையாக நடிப்பதில்லை என உறுதி பூண்டார். இத்துறவைக் கணவன் மீதான அன்பின் வெளிப்பாடாகவே எழுத்தாளர் பலரும் போற்றியுள்ளனர். அதில் ஐயமில்லை. எனினும் அதற்கு இன்னொரு பொருளும் உண்டு. உயிரோடிருந்த காலத்தில் அவருக்கு முழுமையாகக் கிடைக்காத மனைவி என்னும் தகுதியை, விதவைக் கோலத்தினாலே அவர் ஐயத்துக்கிடமின்றி நிலைநாட்டினார். வெள்ளைச் சேலையை அணிந்தவரை இன்னாரின் மனைவியல்லர் என்று கூற எவருக்கும் நாவெழவில்லை.

மேடையிலிருந்து ஒதுங்கியிருந்த அவரை, காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி போன்றோரின் தூண்டுதல் மீண்டும் பொதுவாழ்வுக்குக் கொணர்ந்தது. அவ்வேளையில் பேசும் படம் வளர்ந்துகொண்டிருந்தது. 1935இல் வெளிவந்த ‘பக்த நந்தனார்’ படத்திலே நந்தனாராக நடிப்பதற்கு அவருக்கு ஓர் இலட்சம் ரூபா வழங்கப்பட்டது. அக்காலத்தில் எந்நடிகரும் எண்ணிப் பாராத தொகை அது. மகாராஜபுரம் விசுவநாத ஐயர் வேதியராகத் தோன்றினார். படம் விமர்சகரின் நையாண்டிக்கு ஆளாயிற்று. ‘ஆனந்த விகடன்’ இதழிற் கல்கி அதனைக் கேலி செய்தார். எனினும் வரலாற்று நோக்கில் அது முக்கியமானது. மராட்டிய அரங்கிலே பால கந்தர்வர் என்னும் ஆண் பெண்ணாக நடித்து மக்களை மயக்கினார். தமிழ்த் திரையிலோ ஒரு பெண், ஆணாகி, அதிலும் தீண்டாமைக்குள்ளாக்கப்பட்ட அடியாராகி நின்றார். ஆணுடன் இணைந்து நடிப்பதில்லை என்ற விரதம் பூண்டவருக்கு, தாமே ஆணாகத் தோன்றுவது ஒரு வழியாயிற்று.

அதன் பின்னர் அவர் ஏற்ற பாத்திரங்களை வரிசைப்படுத்தி நோக்கின் ஓர் ஒழுங்கு தெரியும். 1940இல் ‘மணிமேகலை’. இளமையிலே துறவு பூண்டவளின் கதை இது. மணிமேகலைக்கு அமுதசுரபி கிடைத்த மணிபல்லவம், குடாநாட்டை அடுத்துள்ள நயினாதீவே என அறிஞர் சிலர் கருதுவதால், ஈழத்தவருக்கும் இக்கதை நெருக்கமானது. 1953இல், எஸ். எஸ். வாசனின் ஜெமினி நிறுவனம் தயாரித்த ‘ஔவையார்’. இல்வாழ்வுக்கு அஞ்சி, இளமையைக் களைந்து முதுமையை வேண்டிப் பெற்றவளின் கதை. 1964இல் ‘பூம்புகார்’ படத்திலே சமணத் துறவியாகிய கவுந்தியடிகள். 1965இல் ‘திருவிளையாடல்’ படத்தில் மீண்டும் ஔவையார். 1973இல் ‘காரைக்கால் அம்மையார்’. கணவன் தன்னைத் தெய்வமென வணங்கி விலகியதும், இனி இவ்வழகுடல் வேண்டாவெனப் பேயுருவை இரந்து பெற்றவளின் கதை. நந்தனாரைத் தவிர்த்தால், இவர்கள் யாவரும் பெண்மையின் கோலத்தைத் துறந்தபின் மதிப்புப் பெற்ற பெண்கள். திரை சுந்தராம்பாளுக்குப் பாத்திரங்களை வழங்கவில்லை. அவர் வாழ்ந்த வாழ்க்கையையே வெவ்வேறு பெயர்களில் திரும்ப வழங்கியது.

அத்துறவுக் கோலம் அவரை அடக்கி ஒடுக்கிவிட்டது என முடிவுசெய்தல் பொருந்தாது. அதன் பலத்திலேயே, வேறெந்த நடிகையும் செல்லாத இடங்களுக்கு அவர் சென்றார். விடுதலை இயக்கப் பாடல்களைப் பாடிக் காங்கிரஸ் மேடைகளில் தோன்றினார். காந்தியடிகள் 1937இல் கொடுமுடி வந்தபோது அவருக்குத் தங்கத் தட்டிலே உணவு படைத்தார் என்றும், தட்டையும் தரலாகாதா என அடிகள் கேட்க, அதனையும் மனமுவந்து ஈந்தார் என்றும் கூறுவர். சென்னைச் சட்ட மேலவையில் அவர் உறுப்பினராக விளங்கினார். இந்தியச் சட்டசபையொன்றிற் புகுந்த முதற் திரைக்கலைஞர் இவரே எனக் குறிப்பிடப்படுகிறது. தமிழ் இசைச் சங்கத்தின் ‘இசைப் பேரறிஞர்’ பட்டமும், ‘துணைவன்’ (1969) படப் பாடலுக்காகத் தேசிய விருதும், 1970இல் ‘பத்மஸ்ரீ’ விருதும் அவரை வந்தடைந்தன. ரயில் வண்டியிற் பாடிய சிறுமி 1980இல் மறைந்தபோது நாடறிந்த பெருமாட்டியாக விளங்கினார்.

இவ்வனுபவம் அவருக்கு மட்டும் உரியதன்று. தாயின் பெயரை முன்னெழுத்தாகக் கொண்ட இன்னொரு பெரும் பாடகி மதுரை எம். எஸ். சுப்புலட்சுமி. ‘சகுந்தலை’ (1940) படத்திலே காதற் தலைவியாகத் தோன்றிய அவர், ‘சாவித்திரி’ (1941) படத்தில் நாரதராக ஆண்வேடமேற்றார். ‘மீரா’ (1945) படத்திற் பக்தையானார். அதனோடு தமிழ்த் திரையை விட்டு விலகினார். வழிகள் வேறெனினும் வாயில் ஒன்றே. பக்தி என்னும் வாயிலினூடாகவே பெண் பாடகி மதிப்புக்குரிய மண்டபத்துள் அனுமதிக்கப்பட்டாள். அதே காலத்தில் எம். கே. தியாகராஜ பாகவதர் காதற் தலைவராகவும் பக்தராகவும் மாறி மாறி நடித்தார். அவரது மதிப்புக்குச் சமூகம் நிபந்தனை எதனையும் விதிக்கவில்லை.

சுந்தராம்பாளுக்கு விதிக்கப்பட்ட நிபந்தனை எவ்வளவு பெரிது என்பதை அளந்தறிய ஓர் எண் போதும். கிட்டப்பாவின் மறைவுக்குப் பின் அவர் வாழ்ந்த ஆண்டுகள் 47 ஆகும். அவ்வாண்டுகளிலெல்லாம் அவர் காதலைப் பாடும் தலைவியாகத் திரையிலே தோன்றவில்லை. கொழும்பு மேடையிலே கிட்டப்பாவுக்கு ஈடாக நின்று தருக்கம் பாடிய வள்ளியைப் பின்வந்த தலைமுறைகள் காணவேயில்லை. அவர்களுக்குக் கிடைத்தவர் ஔவை மட்டுமே. ஔவையைப் பெற்றமை பெரும்பேறு. வள்ளியை இழந்தமையும் இழப்பே.

குடாநாட்டின் அரங்கும் காலப்போக்கில் மாறியது. 1978இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரி உருவாகிய பின்னர் எழுந்த நவீன நாடக முயற்சிகளிலும், 1985இல் மேடையேறிய ‘மண் சுமந்த மேனியர்’ போன்ற பல்கலைக்கழகத் தயாரிப்புகளிலும் மாணவியர் தம் சொந்த உருவிலேயே மேடையேறினர். மேடையேறுவதற்காக மூதாட்டியாகவோ துறவியாகவோ மாறவேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இருக்கவில்லை. அந்த மாற்றத்தின் அருமையை உணர வேண்டுமாயின், கோயில் வீதியிலே ஒலிபெருக்கியிற் கேட்கும் அக்குரலைப் பக்திக்காக மட்டுமன்றி, அது கொடுத்த விலைக்காகவும் செவிமடுத்தல் வேண்டும்.